ஸ்டெலாவின் காருக்கு நான் செய்த கேபிள்

நீங்கள் கராஜ் வேலைக்கு வந்த முதல் நாளே உங்கள் கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்திருப்பார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் செருகியில் அதன் வயரைக் கொழுவுகிறீர்கள். எஞ்சினுக்கு என்ன வருத்தம் என்று திரையில் எழுத்தாக வருகிறது. நல்ல வசதி. அதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் மொன்றியல் கராஜ்களில் வேலை செய்துவிட்டு, முழங்கால் இரண்டும் மறுத்துவிட்டதால் இப்போது வீட்டில் இருக்கிறேன். போன மாதம் உங்களில் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "அண்ணை, கார் இடையில நிக்குது எண்டு அந்த மனுசி சொல்லுது. ஸ்கானர் ஒண்டும் காட்டேல்லை. நான் என்ன சொல்லி அனுப்புறது?"

இரண்டு வார்த்தையில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய குளிர்காலத்தில் ஸ்டெலா எங்கள் கராஜுக்கு வந்தார். மன்னார்ப் பக்கத்துப் பெண், அப்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். சின்ன வயதில் வந்த போலியோவில் இரண்டு கால்களும் போய்விட்டன. நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் லிஃப்ட் வைத்த ஒரு அடுக்குமாடியில் தனியாக இருந்தார். ஆஸ்பத்திரி ஒன்றின் வரவேற்பு மேசையில் வேலை. பிரெஞ்சு, ஆங்கிலம், தமிழ், சிங்களம் நாலும் கதைப்பார்.

அவருடைய கார் மிகவும் பழையது. இரண்டு கதவுதான். நான் முதலில் அதைப் பார்த்தபோது, ஏன் இதை இன்னும் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் அதில் ஏறுவதைப் பார்த்த பிறகு அப்படி நினைக்கவில்லை. இரண்டு கதவுக் காரின் கதவு நீளமானது. ஆசனம் சக்கர நாற்காலியின் உயரத்துக்குச் சரியாக இருந்தது. கையை ஊன்றி ஒரே வீச்சில் உள்ளே போய், நாற்காலியை மடித்து, முன் ஆசனத்துக்குப் பின்னால் இழுத்து வைப்பார். ஒரு நிமிடம் ஆகாது. இப்போதைய கார்கள் எல்லாம் உயரம். ஒருவர் தூக்கிவிடாமல் அவரால் ஏற முடியாது. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும், பனிக்கு வீதியில் கொட்டும் உப்புக்கு எதிராக அடிப்பக்கம் முழுக்க எண்ணெய் அடித்து, அந்தக் காரைத் துருப்பிடிக்காமல் காப்பாற்றி வைத்திருந்தார்.

அவர் ஓட்டுவது கையால். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு நெம்புகோல் இருக்கும். முன்னால் தள்ளினால் பிரேக், கீழே அழுத்தினால் வேகம். ஒரு கை அதில், மற்றக் கை ஸ்டியரிங்கில்.

"எட்டு மாசமா இப்பிடி அண்ணை," என்றார். "ஓடிக்கொண்டிருக்கேக்க எஞ்சின் நிக்குது. திரும்ப ஸ்டார்ட் பண்ணினா உடனை வருது. ரெண்டு தரம் டெக்கரியில நிண்டது."

டெக்கரி நெடுஞ்சாலை உங்களுக்குத் தெரியும். பள்ளத்தில் ஓடும் வீதி, இரண்டு பக்கமும் சுவர், ஒதுங்க இடமில்லை. எஞ்சின் நின்றால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கிற உதவி போய்விடும். காலால் ஓட்டுகிறவர் முழுப் பலத்தோடும் மிதிக்கலாம். இவர் ஒரு கையால் அந்தப் பிரேக்கைத் தள்ள வேண்டும், மற்றக் கையால் கல்லாகிவிட்ட ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும்.

எங்களுக்கு முன் மூன்று கராஜ்கள் பார்த்திருந்தன. ஒன்றில் பெட்ரோல் பம்ப் மாற்றினார்கள். இன்னொன்றில் எஞ்சின் சுழற்சியைப் படிக்கும் சென்சார் மாற்றினார்கள். மூன்றாவது கராஜ்காரர், பிரேக்கையும் வேகத்தையும் நீங்களே ஒன்றாகத் தள்ளுகிறீர்கள் போலிருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதுதான் அவரைத் தைத்திருந்தது. அவருடைய அண்ணனும் அதைப் பிடித்துக்கொண்டார். இனி ஓட வேண்டாம், காரைக் குடுத்துவிடு, ஊனமுற்றோருக்கான பஸ் இருக்கிறதுதானே என்று ஒவ்வொரு கிழமையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்த பஸ்ஸுக்கு முதல் நாளே சொல்லி வைக்கவேணும். அது வாற நேரம்தான் நேரம். இருபத்திரண்டு வருசமா நான் நினைச்ச நேரம் வெளிக்கிட்டுப் போய் வாறன் அண்ணை. நான் பிழையா ஓடேல்லை. கார் பிழையா இருந்தா அதை ஆராவது எனக்குக் காட்டவேணும். நான்தான் பிழை எண்டா அதையும் காட்டவேணும். பேந்து நான் ஓடமாட்டன்."

நான் காரை எடுத்து ஓட்டிப் பார்த்தேன். காலால்தான். நெம்புகோல் பூட்டிய காரிலும் மிதிகள் அப்படியே இருக்கும். இரண்டு நாள் ஓட்டினேன். ஒரு தரமும் நிற்கவில்லை.

அந்தக் காலத்துக் கார்களில் உங்கள் டேப்லெட் கொழுவ இடமே இல்லை. எஞ்சின் கணினி உண்டு, ஆனால் அதன் பாஷை வேறு, செருகி வேறு. எஞ்சின் அறையில் மூன்றே முனைகள் கொண்ட சின்னச் செருகி ஒன்று இருந்தது: பேட்டரி மின்சாரத்துக்கு ஒன்று, தரைக்கு, அதாவது எர்த்துக்கு, ஒன்று, கணினி கதைப்பதற்கு ஒன்று. அதோடு கதைக்கும் கருவி ஒரு காலத்தில் அந்தக் கம்பெனியின் கடைகளில் இருந்தது. இப்போது எங்கும் இல்லை. செருகியில் இரண்டு முனைகளைத் தொடுத்தால் ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு சிமிட்டிப் பழைய கோளாறுகளைச் சொல்லும். செய்து பார்த்தேன். கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்று சிமிட்டியது.

எஞ்சின் நிற்கிற அந்தக் கணத்தில் கணினி என்ன பார்க்கிறது என்று தெரிந்தால்தான் உண்டு. அதற்கு அதோடு ஓடும்போதே கதைக்க வேண்டும். கதைக்க ஒரு கேபிள் வேண்டும். கேபிள் கடையில் இல்லை.

எங்கள் முதலாளி ஒரு கியூபெக்காரர், மோசமான மனிதர் இல்லை. வேலை நேரத்தில் இல்லாமல் உன் நேரத்தில் என்ன வேண்டுமானாலும் செய் என்றார். அந்த மாதிரிக் கார்களில் பைத்தியமான ஒருவர் இணையத்தில் செருகியின் படத்தையும், லேப்டாப்பில் ஓடும் ஒரு சின்ன மென்பொருளையும் போட்டு வைத்திருந்தார். காரின் கம்பி பன்னிரண்டு வோல்ட்டில் கதைக்கும். லேப்டாப் ஐந்து வோல்ட்டில். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் போல ஒரு சின்னச் சுற்று வேண்டும். பாகங்கள் வாங்கினேன். சமையலறை மேசையில் வைத்து ஈயம் வைத்து ஒட்டினேன். எனக்கு வயர் வேலை நன்றாக வரும் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு. அந்த எண்ணம்தான் என்னைக் கெடுத்தது.

செருகியின் படத்தைப் பார்த்து, இடமிருந்து வலமாக மூன்று முனைகளையும் தொடுத்தேன். அந்தப் படம் வயர் வரும் பின்பக்கத்திலிருந்து பார்த்து வரையப்பட்டது. நான் முன்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் பார்ப்பது போல, இடது வலதாகிவிட்டது. நடுவில் இருந்த மின்சாரம் சரியாகவே இருந்தது. தரையும் கதைக்கும் கம்பியும் மாறிவிட்டன.

கேபிளைக் கொழுவி, சாவியைத் திருப்பினேன். திரையில் ஒன்றும் வரவில்லை. பத்து விநாடி பொறுத்தேன். மெல்லிய கருகல் வாசனை வந்தது. பிடுங்கினேன், கேபிள் சுட்டது. தரைக்குப் போக வேண்டிய மின்சாரம் எல்லாம் கணினி கதைக்கும் வாய்க்குள் போயிருந்தது. நான் அதில் ஒரு ஃபியூஸ்கூட வைக்கவில்லை.

முனைகளை மாற்றித் திரும்பக் கொழுவினேன். மௌனம். மீட்டரை எடுத்து அந்தக் கம்பியை அளந்தேன். சும்மா இருக்கும்போது பன்னிரண்டு வோல்ட்டுக்குக் கிட்ட இருக்க வேண்டியதில் அரை வோல்ட்கூட இல்லை. ஸ்டெலாவின் எஞ்சின் கணினி இனி யாரோடும் கதைக்காது. வாயை நான் எரித்துவிட்டேன்.

பிறகு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினேன். உடனே வந்தது. முன்பு எப்படி ஓடியதோ அப்படியே ஓடியது.

இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும் என்று விரும்புகிறேன். கார் ஓடுகிறது. எரிந்தது எஞ்சினை ஓட்டும் பகுதி இல்லை, கதைக்கும் பகுதி மட்டும். இந்த நகரத்தில் அந்தக் கணினியோடு கதைக்கக்கூடிய கருவி எவரிடமும் இல்லை. ஆகவே அது ஊமையானது எவருக்கும் தெரிய வராது. "தங்கச்சி, நானும் பாத்தன், ஒண்டும் பிடிபடேல்லை" என்று சாவியைக் கொடுத்தால் முடிந்தது. நாலாவது கராஜ். அவர் கோபப்படக்கூட மாட்டார். அவருக்குப் பழகிப்போன பதில்தான்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, சாப்பிடாமல் மூடினேன். கோபமெல்லாம் அந்தப் படத்தை வரைந்தவர் மேல்தான் வந்தது. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தது என்று எழுதியிருக்கக் கூடாதா? பிறகு திரும்பப் போய்ப் பார்த்தேன். படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் எழுதித்தான் இருந்தது.

அடுத்த நாள் ஸ்டெலா அந்த பஸ்ஸில் வந்து இறங்கினார். முன் அறையில் கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் நாற்காலியை நிறுத்தியிருந்தார். நான் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். நின்றுகொண்டு அவரோடு கதைக்க எனக்குப் பிடிக்காது. நாள் முழுக்க எல்லோரும் அவரை மேலிருந்துதான் பார்க்கிறார்கள்.

"தங்கச்சி, நான் ஒரு பிழை விட்டிட்டன். நான் செய்த கேபிளைப் பிழையாக் கொழுவி, உங்கடை கணினியில ஒரு பகுதியை எரிச்சுப்போட்டன்."

அவர் முதலில் காரைப் பற்றித்தான் கேட்டார். "எஞ்சின் ஓடுதோ?"

"ஓடுது. முந்தி மாதிரியே ஓடுது. அது இனி எங்களோடை கதைக்காது, அவ்வளவுதான்."

"அப்ப நீங்கள் சொல்லாட்டி எனக்குத் தெரிய வந்திராது."

"ஒருக்காலும் வந்திராது."

கோப்பிக் கோப்பையைக் கையில் எடுத்தார். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். காரைத் திருப்பித் தாருங்கோ என்று கேட்பார் என்றும் நினைத்தேன்.

"ரெண்டு இடத்தில எதையோ மாத்திப்போட்டுச் சரி எண்டு அனுப்பினவை. ஒராள் நான்தான் பிழை எண்டு சொன்னவர். 'பிழை என்ரை' எண்டு சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்." கோப்பையைக் கீழே வைத்தார். "எரிச்சதைத் திருத்த ஏலுமோ?"

"தெரியேல்லை. தெரிஞ்ச ஒராளைக் கேக்கவேணும்."

"கேளுங்கோ. கார் இஞ்சையே நிக்கட்டும்."

தெரிந்த ஆள் என்று நான் சொன்னது ஒரு சென்னைப் பெண்ணை. எங்கள் கராஜில் குளிர்கால டயர் மாற்ற வருவார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் மின்னணுக் கருவிகள் செய்கிற பொறியாளர். அவருடைய பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. சனிக்கிழமை காலை எஞ்சின் கணினியைக் கழற்றி ஒரு துவாயில் சுற்றிக்கொண்டு, கர்க்லாண்டில் இருக்கும் அவருடைய வீட்டுக்குப் போனேன். கீழ்த்தளத்தில் வேலை மேசை வைத்திருந்தார்.

முதலில் என் கேபிளைத்தான் கேட்டார். வாங்கி, விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அங்கிள், சால்டரிங் அழகா இருக்கு. ஃபியூஸ் எங்க?"

"வைக்கேல்லை."

"வண்டியில மாட்டறதுக்கு முன்னாடி மேசையில எதோடயாவது பேச வெச்சுப் பாத்தீங்களா?"

"இல்லை."

"அப்போ அந்த அம்மாவோட காரை வெச்சுதான் உங்க கேபிளை டெஸ்ட் பண்ணியிருக்கீங்க."

என்னைவிட இருபத்தைந்து வயது இளையவர். அதைச் சொல்லும்போது குரலை உயர்த்தவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. எனக்குக் காது சுட்டது. அவர் சொன்னது அப்படியே உண்மை.

கணினியின் மூடியைத் திறந்து, பூதக்கண்ணாடியால் பார்த்தார். ஒரு சின்ன சிப்பின் ஓரம் வெடித்திருந்தது. அந்த சிப் இன்னும் கிடைக்கும் என்றார். அது வந்துசேர ஒரு கிழமை ஆனது. அடுத்த சனிக்கிழமை பழையதை எடுத்துப் புதியதை வைத்தார். ஆனால் கணினியை என்னிடம் தரவில்லை.

"கேபிளைத் திரும்பச் செய்யுங்க. இங்கயே, என் எதிர்ல. செருகியோட முகத்தை உங்க கையால வரைங்க. எந்தப் பக்கம் இருந்து பாக்குறீங்கன்னு மேல எழுதுங்க."

பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வரைந்தேன். ஃபியூஸ் வைத்தேன். லேப்டாப்பும் காரும் ஒன்றையொன்று தொடாமல், ஒளியால் மட்டும் செய்தி கடத்துகிற ஒரு பாகத்தை நடுவில் வைக்கச் சொன்னார், வைத்தேன். முதல் தரம் மின்சாரம் கொடுக்கும்போது வழியில் ஒரு கார் பல்பைத் தொடுத்தார். ஏதாவது பிழை என்றால் பல்ப் எரியும், வேறொன்றும் எரியாது. பல்ப் எரியவில்லை. கணினியை மேசையில் வைத்து எழுப்பினோம். எழுப்புவதற்கு முதலில் மிக மெதுவாக அதன் விலாசத்தைச் சொல்ல வேண்டும், அவசரப்பட்டால் திரும்பிப் பார்க்காது. மூன்றாவது முயற்சியில் திரையில் எண்கள் வரிசையாக ஓடத் தொடங்கின. நான் கைதட்டினேன்.

அவர் தட்டவில்லை. "ரெண்டு மணி நேரம் ஓடட்டும்," என்றார். ஓடும்போது கேபிளை விரற்கடை விரற்கடையாக வளைத்துப் பார்க்கச் சொன்னார். குளிர்பதனப் பெட்டியின் உறைவறையில் வைத்து எடுத்துத் திரும்பவும் வளைக்கச் சொன்னார். ஒரு தரமும் தொடர்பு அறவில்லை.

"இவ்வளவு ஏன் தெரியுமா அங்கிள்? நாளைக்கு வண்டியில ஏதாவது விசித்திரமா வந்தா, தப்பு கேபிள்ல இல்லைன்னு நீங்க சத்தியம் பண்ண முடியணும்."

அப்போது அது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே தோன்றியது. மறுநாளே அது தேவைப்பட்டது.

கணினியைத் திரும்பக் காரில் பூட்டினேன். கார் எனக்கு நிற்கவில்லை, ஸ்டெலாவுக்குத்தான் நிற்கிறது. ஆகவே அவர் ஓட்ட, நான் பக்கத்தில் லேப்டாப்போடு இருக்க வேண்டும். ஆனால் வீதியில் வைத்து நிற்க விட முடியாது. ஸ்டெலாதான் இடம் சொன்னார். ஞாயிறு பூசை முடிந்து சனம் போன பிறகு அவர்களுடைய கத்தோலிக்கக் கோயிலின் கார் தரிப்பிடம் வெறுமையாக இருக்கும். ஓரமெல்லாம் தள்ளிக் குவித்த பனி. மோதினாலும் பனியில்தான் மோத வேண்டும். அவருடைய அண்ணனும் போகாமல் நின்றார். கைகளைக் கோட்டுக்குள் விட்டபடி படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். காரை விற்பதற்கு ஒரு ஆளை ஏற்கனவே பார்த்து வைத்திருக்கிறார் என்று ஸ்டெலா காரில் ஏறும்போது சொன்னார்.

சுற்றிச் சுற்றி ஓட்டினோம். கால் மணி நேரம் ஒன்றுமில்லை. திரையில் எஞ்சின் வேகம், வெப்பம், கணினிக்கு வருகிற மின்சாரம் எல்லாம் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தன.

"டெக்கரியில நிக்கேக்க என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"முன்னாலை ஒருத்தன் சடாரெண்டு பிரேக் போட்டான். நானும் போட்டன்."

"அப்ப அதைச் செய்யுங்கோ."

வேகமெடுத்து, நெம்புகோலை முழுப் பலத்தோடு முன்னால் தள்ளினார். எஞ்சின் செத்தது. அதே கணம் என் திரையில் எண்கள் எல்லாம் மறைந்து, 'தொடர்பு இல்லை' என்று வந்தது.

கேபிள். திரும்பவும் என் கேபிள்.

ஸ்டெலா என் முகத்தைப் பார்த்தார். "என்ன அண்ணை, உங்கடை வயரோ?"

ஓம் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அது சுலபமான பதில். குலுக்கலில் வயர் அசைந்திருக்கும், வீட்டுக்குப் போய்த் திருத்திக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முந்தின நாள் இரண்டு மணி நேரம் வளைத்தும் உறைய வைத்தும் பார்த்த கை என்னுடையது. அந்தக் கை அது கேபிள் இல்லை என்றது. அப்படியானால் கேட்பதை நிறுத்தியது நான் இல்லை, கதைப்பதை நிறுத்தியது கணினி.

பதிவைப் பின்னால் இழுத்துப் பார்த்தேன். கணினிக்கு வரும் மின்சாரம், வோல்ட்டில்: 13.9. 13.8. 13.9. அடுத்து 9.6. அதற்குப் பிறகு வெறுமை.

"வயர் இல்லை தங்கச்சி," என்றேன். "இன்னொருக்காச் செய்யுங்கோ."

இன்னொரு தரம் செய்தார், நிற்கவில்லை. நாலாவது தரம் நின்றது. ஏழாவதிலும் நின்றது. ஒவ்வொரு தரமும் சாவுக்குச் சற்று முன் அந்த எண் கீழே விழுந்தது. கணினிக்கு ஒரு கணம் மின்சாரம் அறுகிறது, ஆனால் பலமாகப் பிரேக் போடும்போது மட்டும்.

பிறகு நான் ஓட்டுநர் ஆசனத்தில் ஏறினேன். காலால் இருபது தரம் பிரேக் போட்டேன், பெல்ட் நெஞ்சில் வெட்டும் அளவுக்கு. ஒரு தரமும் நிற்கவில்லை. காலை மடக்கி வைத்துக்கொண்டு, அவருடைய நெம்புகோலைப் பிடித்தேன். ஐந்தாவது தடவையில் எஞ்சின் நின்றது.

மூன்று கராஜ்காரர்கள், நாலாவதாக நான், எல்லோரும் காலால்தான் ஓட்டிப் பார்த்திருக்கிறோம். அந்தக் கார் ஸ்டெலா ஓட்டுகிற மாதிரி ஓட்டினால்தான் நிற்கும். அவர் ஓட்டுகிற மாதிரி ஓட்டிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பலகையைக் கழற்றி, டார்ச்சோடு தலையை உள்ளே விட்டேன். நெம்புகோலைத் தாங்கும் இரும்புக்கும் காரின் சட்டத்துக்கும் நடுவில் ஒரு வயர்க்கட்டு போனது. நெம்புகோலைப் பூட்டியவர் மேல் குற்றம் இல்லை. பூட்டும்போது வயர் விலகித்தான் இருந்திருக்கும். வருடக்கணக்கான அதிர்வில் அது மெல்ல இறங்கி வந்து, இரும்பில் உரசி உரசித் தோல் போய், உள்ளே பச்சை பிடித்து, மூன்று நாலு செப்பு இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. கணினிக்கு மின்சாரம் கொண்டுபோகிற வயர். நெம்புகோலைப் பலமாகத் தள்ளினால் இரும்பு கொஞ்சம் வளைந்து அந்த இழைகளை இழுக்கும்.

ஸ்டெலாவால் குனிந்து பார்க்க முடியாது. தொலைபேசியில் படம் எடுத்து நீட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கி, நீண்ட நேரம் பார்த்தார்.

"அப்ப நான் இல்லை," என்றார்.

"நீங்கள் இல்லை தங்கச்சி."

அவருடைய அண்ணன் கிட்ட வந்து, தோளுக்கு மேலால் படத்தைப் பார்த்தார். எதைப் பார்க்கிறோம் என்று நான் விளக்கினேன். அவர் முகம் மாறியது. "இதை எனக்கு வடிவாச் சொல்லியிருக்கலாமே ஸ்டெலா," என்றார்.

"சொன்னனான் பெரியண்ணை," என்றார் ஸ்டெலா. "எட்டு மாசமாச் சொன்னனான்."

கோபமாகச் சொல்லவில்லை. அந்த மனிதர் கையைக் கோட்டிலிருந்து எடுத்து, திரும்ப உள்ளே விட்டார். நானும் கீழே பார்த்துக்கொண்டேன். ஸ்டெலா சொன்னது எனக்கும் சேர்த்துத்தான். முதல் இரண்டு நாளும் காலால் ஓட்டிக்கொண்டு திரிந்தபோது, என் மனதிலும் அந்த மூன்றாவது கராஜ்காரர் சொன்னது ஒரு ஓரத்தில் இருந்தது. அதை இப்போது உங்களிடம் ஒளிக்கவில்லை.

திங்கட்கிழமை புது வயர் போட்டேன். அதை இரும்புக்குக் கிட்ட வராத வேறு வழியால் கொண்டுபோய்க் கட்டினேன். வேலை ஒரு மணி நேரம்கூட எடுக்கவில்லை. நெம்புகோலால் நூறு தரம் பிரேக் போட்டுப் பார்த்தேன், எண்ணிக்கொண்டு. அதற்குப் பிறகும் சாவியைக் கொடுக்க மனம் வரவில்லை. தரிப்பிடத்தில் நிற்காத கார் நெடுஞ்சாலையில் நிற்கலாம். "டெக்கரியில நீங்கள் ஓடுங்கோ. நான் பக்கத்தில இருக்கிறன்," என்றேன்.

காலை பத்து மணிக்குப் பிறகு, வாகனங்கள் குறைந்த நேரம் பார்த்து இறங்கினோம். பின்னால் எவரும் வராத இடத்தில் ஸ்டெலா என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். தலையாட்டினேன். நெம்புகோலைத் தள்ளினார். கார் மூக்கைக் குத்தி வேகம் குறைந்தது. எஞ்சின் தன்பாட்டில் உறுமிக்கொண்டிருந்தது. திரையில் 13.8, 13.9, 13.8. அரைக் கிலோமீட்டர் போய் இன்னொரு தரம். பிறகு இன்னொரு தரம். எண் அசையவில்லை.

கராஜுக்குத் திரும்பும் வழி வந்தது. அவர் திரும்பவில்லை.

"தங்கச்சி, எங்கடை வெளிவழி போட்டுது."

"ஓம், கண்டனான்."

"எங்கை போறம்?"

"தெரியேல்லை அண்ணை. கொஞ்ச நேரம் ஓடுவம்."

கராஜில் எனக்காக இரண்டு கார்கள் காத்துக்கொண்டிருந்தன. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் ஒரு கையை ஸ்டியரிங்கிலும் மற்றதை நெம்புகோலிலும் வைத்துக்கொண்டு, நேரே பார்த்தபடி, வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினார். தண்ணீர் தெரிகிற பக்கமாகக் கார் போய்க்கொண்டிருந்தது. வெயில் பனியில் பட்டுக் கண் கூசியது. நான் லேப்டாப்பை மூடிக் காலடியில் வைத்துவிட்டு, ஆசனத்தில் சாய்ந்துகொண்டேன்.